பைடான்டிக் 1-இல் நிற்கும் பழைய கிளாஸ் மாட்யூல்: டிபென்டென்சி, ஆவணம் இரண்டையும் எந்த வரிசையில் புதுப்பிப்பது?

கணக்குக்கோப்பு:

வணக்கம். விலைப்பட்டியல்களைக் கையாளும் பைதான் மாட்யூல் ஒன்றைப் புதுப்பிக்க வேண்டும். நாற்பது கிளாஸ் வரை இருக்கிறது. எல்லாமே ஒரே பேஸ் கிளாஸிலிருந்து இன்ஹெரிட் ஆகின்றன. அந்த பேஸ் கிளாஸ் பைடான்டிக்கின் (டேட்டாவை டைப்படி சரிபார்க்கும் பைதான் லைப்ரரி) பேஸ்மாடலிலிருந்து வருகிறது.

இப்போதைய நிலை: பைதான் 3.8, பைடான்டிக் 1.8. செட்டப் டாட் பை கோப்புதான், பைப்ராஜெக்ட் டாம்ல் இல்லை. ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் எல்லா டிபென்டென்சியும் (மாட்யூல் சார்ந்திருக்கும் வெளி லைப்ரரிகள்) இரட்டைச் சமக்குறி போட்டு ஒரே பதிப்பில் பூட்டியிருக்கிறது. மாட்யூல் தன் வெர்ஷன் எண்ணை பிகேஜி_ரிசோர்சஸ் வழியாகப் படிக்கிறது. ஸ்பிங்க்ஸ் (ஆவணம் உருவாக்கும் கருவி) ஆவணம் உண்டு, ஆனால் அதிலுள்ள உதாரணங்களில் பாதி ஓடாது.

போக வேண்டிய இடம் பைதான் 3.12, பைடான்டிக் 2. புதிதாக ஒரு 3.12 வென்வ் (தனித்த பைதான் சூழல்) உருவாக்கி மாட்யூலை இம்போர்ட் செய்தாலே "நோ மாட்யூல் நேம்டு பிகேஜி_ரிசோர்சஸ்" என்று நின்றுவிடுகிறது.

மூன்று கேள்விகள். எதை முதலில் தொடுவது? இந்த மாட்யூலைப் பயன்படுத்துகிற மற்ற புராஜெக்ட்கள் சில காலம் பைடான்டிக் 1-இலேயே இருக்கும்; இரண்டுக்கும் ஒரே வெளியீடு கொடுக்க முடியுமா? ஆவணம் மறுபடி பழசாகாமல் இருக்க என்ன செய்வது?

---

நடுக்கடல்:

முதலில் அந்த எர்ரர். 3.12-இலிருந்து வென்வ் உருவாக்கும்போது செட்டப்டூல்ஸ் தானாக உள்ளே வருவதில்லை. பிகேஜி_ரிசோர்சஸ் செட்டப்டூல்ஸின் ஒரு பகுதியாக வந்தது என்பதால் அதுவும் இல்லை. "செட்டப்டூல்ஸை இன்ஸ்டால் செய்தால் போதும்" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். செய்யாதீர்கள். பிகேஜி_ரிசோர்சஸைக் கைவிடும்படி செட்டப்டூல்ஸே எச்சரித்து வந்தது, 82-ஆம் பதிப்பில் அதை நீக்கியும்விட்டது. வெர்ஷன் எண்ணுக்கு இம்போர்ட்லிப் டாட் மெட்டாடேட்டாவின் வெர்ஷன் ஃபங்ஷன் போதும். அது 3.8 முதலே பைதானோடு வருகிறது, ஆகவே பழைய சூழலிலேயே இந்த மாற்றத்தைச் செய்து முடித்துவிடலாம்.

வரிசை என்று வந்தால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு அச்சை மட்டும் நகர்த்துங்கள். பைதானையும் பைடான்டிக்கையும் ஒரே கமிட்டில் மாற்றினால், டெஸ்ட் விழுந்தது எதனால் என்று பிரித்துப் பார்க்க முடியாது.

எதையும் தொடுவதற்கு முன், இப்போதைய 3.8 + 1.8 சூழலில் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு முழு மாதிரி ஆப்ஜெக்ட் உருவாக்கி, அதன் ஜேசான் வெளியீட்டைக் கோப்பாகச் சேமித்து கிட்டில் போட்டுவிடுங்கள். எல்லா ஃபீல்டும் நிரம்பிய மாதிரி ஒன்று, கட்டாய ஃபீல்டு மட்டும் உள்ள மாதிரி ஒன்று. இதை விட்டுவிட்டு ஆரம்பித்தால் பின்னால் ஒப்பிட உங்களிடம் எதுவும் இருக்காது.

அதன்பின் பைடான்டிக்கை மட்டும் 1.10 வரிசையின் கடைசி வெளியீட்டுக்கு ஏற்றுங்கள், குறைந்தது 1.10.17. இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பைதான் 3.12.4-இல் ஃபார்வர்டு ரெஃபரன்ஸை (இன்னும் வரையறுக்காத டைப்பைப் பெயரால் குறிப்பது) கணக்கிடும் உள் ஃபங்ஷனின் ஆர்கியுமென்ட் முறை மாறியது. பழைய பைடான்டிக் 1 அங்கே "ரிகர்சிவ்_கார்டு" என்ற கீவேர்டு ஆர்கியுமென்ட் இல்லை என்று சொல்லி விழும். 1.10.17-இல் அது சரி செய்யப்பட்டிருக்கிறது. அங்கே டெஸ்ட் எல்லாம் தேறிய பிறகு பைதானை 3.12-க்கு நகர்த்துங்கள். கடைசியில்தான் பைடான்டிக் 2.

1.10.17-ஐக் குறிப்பாகச் சொல்ல இன்னொரு காரணம் உங்கள் இரண்டாவது கேள்வி. அந்த வெளியீடு முதல் பைடான்டிக் 1-க்குள்ளேயே "பைடான்டிக் டாட் வி1" என்ற பெயரில் இம்போர்ட் செய்ய முடியும். பைடான்டிக் 2-க்குள்ளும் அதே பெயரில் பழைய பதிப்பு முழுதாக இருக்கிறது. ஆகவே உங்கள் எல்லா இம்போர்ட்டையும் "பைடான்டிக் டாட் வி1" என்று மாற்றி, டிபென்டென்சியை "1.10.17 முதல், 3-க்குக் கீழ்" என்று எழுதினால், ஒரே வெளியீடு இரு பக்கமும் ஓடும்.

இது பாலம் மட்டுமே, அதன் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். பைடான்டிக் 2 மாடலுக்குள் வி1 மாடலை ஒரு ஃபீல்டாக வைக்க முடியாது. உங்கள் விலைப்பட்டியல் கிளாஸைத் தங்கள் புதிய மாடலுக்குள் சேர்க்க நினைப்பவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். பைதான் 3.14-இல் வி1 பகுதி வேலை செய்யாது. ஆகவே இந்தப் பாலத்தை ஒரு வெளியீடாகக் கொடுங்கள், அடுத்த பெரிய வெளியீட்டில் எடுத்துவிடுங்கள்.

செட்டப் டாட் பையிலிருந்து பைப்ராஜெக்ட் டாம்லுக்கு மாறுவது இதில் எளிய வேலை. டிபென்டென்சிகளை மூன்றாகப் பிரியுங்கள்: மாட்யூல் ஓடத் தேவையானவை, டெஸ்டுக்குத் தேவையானவை, ஆவணத்துக்குத் தேவையானவை. பின்னிரண்டும் பயனரின் இன்ஸ்டாலுக்குள் போகவே கூடாது. டிபென்டென்சி குரூப்ஸ் என்ற பகுதி அதற்காகத்தான். பிப் 25.1 முதல் குரூப் ஆப்ஷன் கொடுத்து அதை நேரடியாக இன்ஸ்டால் செய்யலாம். இரட்டைச் சமக்குறிப் பூட்டு மாட்யூலின் மெட்டாடேட்டாவில் இருக்கக் கூடாது. அதன் இடம் சிஐ (ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்டைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) பயன்படுத்தும் லாக் கோப்பு.

---

புளியமரம்:

மேலே சொன்ன வரிசையோடு உடன்படுகிறேன். பைடான்டிக் 2-க்குப் போகும் படியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் ஆபத்து சத்தமில்லாமல் இருக்கிறது.

பெயர் மாற்றங்களைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. டிக்ட் என்பது மாடல்_டம்ப் ஆனது, ஜேசான் என்பது மாடல்_டம்ப்_ஜேசான், பார்ஸ்_ஆப்ஜ் என்பது மாடல்_வேலிடேட், வேலிடேட்டர் என்பது ஃபீல்டு_வேலிடேட்டர், ஓஆர்எம்_மோட் என்பது ஃப்ரம்_ஆட்ரிப்யூட்ஸ். பேஸ்செட்டிங்ஸ் மட்டும் தனிப் பேக்கேஜாகப் போய்விட்டது. பைடான்டிக்-செட்டிங்ஸ் என்று டிபென்டென்சியில் சேர்க்க வேண்டும். பம்ப்-பைடான்டிக் என்ற கருவி இவற்றில் பெரும்பகுதியை மாற்றித் தரும், தன்னால் முடியாத இடங்களில் செய்ய வேண்டியது என்று ஒரு கமென்ட் போட்டுவிடும். பழைய மெத்தட் பெயர்கள் பெரும்பாலும் 2-இலும் ஓடும், வார்னிங் மட்டும் வரும். பைடெஸ்ட் கான்ஃபிகில் டெப்ரிகேஷன் வார்னிங்கை எர்ரராக மாற்றி ஒரு முறை ஓடவிட்டால், டெஸ்ட் தொடுகிற வரிகளில் மிச்சமிருப்பவை பட்டியலாக வந்துவிடும்.

பெயர் மாறாமல் நடத்தை மட்டும் மாறியவற்றை எந்தக் கருவியும் முழுதாகச் சொல்லாது. உங்கள் மாட்யூலுக்குப் பொருந்துபவை இவை:

டெசிமல். பைடான்டிக் 1-இன் ஜேசான் வெளியீட்டில் 1250.50 என்ற டெசிமல் 1250.5 என்று எண்ணாகப் போகும். 2-இல் அதுவே மேற்கோள்குறிக்குள் "1250.50" என்று சரமாகப் போகும். எர்ரர் எதுவும் வராது. எதிர்முனையில் கூட்டல் செய்கிற ஜாவாஸ்கிரிப்ட் தொகைகளை ஒட்டிவைக்க ஆரம்பித்த பிறகுதான் தெரியும். பணத்துக்குச் சரமே சரியான வடிவம் என்பது என் கருத்து. ஆனால் எதிர்முனைக்குச் சொல்லாமல் மாற்றக் கூடாது. இப்போதைக்கு "தொகை" என்று ஒரு அனோடேட்டட் டைப் உருவாக்கி, ஜேசானுக்கு மட்டும் வேலை செய்யும் பிளெய்ன்சீரியலைசர் ஒன்றை அதில் ஒட்டுங்கள். நாற்பது கிளாஸிலும் எழுத வேண்டாம், ஒரே இடம். சீரியலைசருக்குள் வெறுமனே ஃப்ளோட் என்று போட்டால் ஒரு சின்னச் சிக்கல் உண்டு: பைடான்டிக் 1 பின்னம் இல்லாத 1250-ஐ 1250 என்றே எழுதும், ஃப்ளோட் 1250.0 என்று எழுதும். எக்ஸ்போனென்ட் பூஜ்ஜியமோ அதற்கு மேலோ என்றால் இன்ட், இல்லையென்றால் ஃப்ளோட் என்று பிரித்தால்தான் பழைய கோப்போடு ஒத்துப்போகும்.

ஆப்ஷனல். 1-இல் ஆப்ஷனல் என்று டைப் கொடுத்தாலே டீஃபால்ட் நன் என்று எடுத்துக்கொள்ளும். 2-இல் "நன் வரலாம், ஆனால் ஃபீல்டு கட்டாயம்" என்பதுதான் பொருள். சமக்குறி போட்டு நன் என்று நீங்களே எழுத வேண்டும். இல்லாவிட்டால் "ஃபீல்டு ரிக்வயர்டு" வரும். பம்ப்-பைடான்டிக் இதைச் சேர்த்துவிடும், ஆனால் டைப்பை வேறு பெயரில் அலியாஸ் செய்திருந்தால் நீங்களே தேடிப் பாருங்கள்.

எண்ணும் சரமும். சர ஃபீல்டுக்கு எண் கொடுத்தால் 1 அமைதியாகச் சரமாக மாற்றும், 2 மறுக்கும். பில் எண்ணை 10045 என்று எண்ணாக அனுப்பும் பழைய கிளையன்ட் இருந்தால் உடையும். இன்ட் ஃபீல்டுக்கு 10.5 கொடுத்தால் 1 பின்னத்தை வெட்டிவிடும், 2 மறுக்கும். இந்தக் கண்டிப்பு நல்லதுதான். பின்னம் வெட்டுப்பட்ட அளவை எந்தக் கணக்காளரும் ஏற்கமாட்டார்.

யூனியன். இன்ட், சரம் என்ற வரிசையில் யூனியன் (இவற்றில் ஏதேனும் ஒரு டைப்) இருந்து "7" என்ற சரம் வந்தால், 1 இடமிருந்து வலமாக முயன்று 7 என்ற எண்ணாக்கும். 2 நெருங்கிய டைப்பைப் பார்த்து "7" என்ற சரமாகவே வைக்கும்.

வேலிடேட்டருக்குள் டைப்எர்ரர். 1-இல் அது வேலிடேஷன்எர்ரராகச் சுற்றப்பட்டு வரும். 2-இல் அப்படியே வெளியே வரும். வேலிடேஷன்எர்ரரை மட்டும் பிடிக்கிற கோடு அதைப் பிடிக்காது.

இடைவெளி. 2-இன் ஜேசானில் காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பின்னால் இடைவெளி இல்லை. ஜேசான் சரத்தின் மேல் ஹேஷ் அல்லது கையொப்பம் போடுகிறீர்கள் என்றால் எல்லாம் மாறிவிடும். ஒப்பீட்டு டெஸ்டில் சரத்தைச் சரத்தோடு ஒப்பிடாமல், லோடு செய்து ஒப்பிடுங்கள்.

---

கணக்குக்கோப்பு:

மிக்க நன்றி இருவருக்கும். பைடான்டிக் 2 படிக்கு வந்துவிட்டேன். டெசிமலும் ஆப்ஷனலும் நீங்கள் சொன்னபடியே வந்தன, சரி செய்தாயிற்று.

ஒன்று மட்டும் புரியவில்லை. விலைப்பட்டியல் கிளாஸில் "உருப்படிகள்" என்ற ஃபீல்டு, டைப் லிஸ்ட் ஆஃப் உருப்படி. உள்ளே போவதெல்லாம் பொருள்உருப்படி, சேவைஉருப்படி என்ற சப்கிளாஸ் ஆப்ஜெக்ட்கள். பழைய ஜேசானில் பொருளுக்கு "எச்எஸ்என்" குறியீடும், சேவைக்கு "மணிநேரம்" ஃபீல்டும் இருந்தன. புதிய ஜேசானில் இரண்டுமே இல்லை. எர்ரர் இல்லை, வார்னிங் இல்லை. ஆப்ஜெக்ட்டைப் பிரின்ட் செய்தால் ஃபீல்டு இருக்கிறது, டம்ப் செய்தால் இல்லை. பக் ரிப்போர்ட் போடட்டுமா?

---

புளியமரம்:

வேண்டாம், அது தெரிந்தே செய்த மாற்றம். பைடான்டிக் 2 ஒரு ஃபீல்டை வெளியே எழுதும்போது அங்கே என்ன டைப் என்று அறிவித்திருக்கிறீர்களோ அதன் ஃபீல்டுகளை மட்டுமே எழுதும். உள்ளே இருப்பது சப்கிளாஸ் என்றாலும் அறிவிப்பு "உருப்படி" என்பதால் உருப்படியின் ஃபீல்டு மட்டும் போகும். பாதுகாப்புக்காக வந்தது: "பயனர்" என்று அறிவித்த இடத்தில் கடவுச்சொல் உள்ள சப்கிளாஸ் ஆப்ஜெக்ட் வந்துவிட்டால், கடவுச்சொல் வெளியே கசியக் கூடாது.

இன்ஹெரிட்டன்ஸை நம்பி எழுதிய மாட்யூலுக்கு இதைவிடப் பெரிய மாற்றம் பைடான்டிக் 2-இல் இல்லை என்பேன். தீர்வு இரண்டு. எதை எடுப்பது என்பது உங்கள் சப்கிளாஸ் பட்டியல் மூடியதா திறந்ததா என்பதைப் பொறுத்தது.

திறந்தது என்றால், அதாவது மற்ற புராஜெக்ட்கள் உருப்படியிலிருந்து தங்கள் சொந்த சப்கிளாஸ் எழுதுகின்றன என்றால், ஃபீல்டின் டைப்பை லிஸ்ட் ஆஃப் சீரியலைஸ்ஆஸ்எனி உருப்படி என்று மாற்றுங்கள். பழைய நடத்தை திரும்பிவிடும். 2.7 முதல் மாடல்_டம்ப் அழைக்கும்போதே சீரியலைஸ்_ஆஸ்_எனி ட்ரூ என்று கொடுக்கவும் முடியும். ஆனால் அதை அழைப்பவர் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும். ஃபீல்டில் எழுதுவதே பாதுகாப்பு.

ஆனால் இது எழுதுவதை மட்டும்தான் சரி செய்கிறது. அதே ஜேசானைத் திரும்பப் படித்தால் எல்லாமே வெறும் உருப்படியாகத்தான் வரும், எச்எஸ்என் கைவிடப்படும். இது 1-இலும் அப்படித்தான் இருந்தது.

சப்கிளாஸ் பட்டியல் உங்கள் கையில் மூடியிருக்கிறது என்றால் டிஸ்கிரிமினேட்டட் யூனியனுக்குப் போங்கள். ஒவ்வொரு சப்கிளாஸிலும் "வகை" என்ற லிட்டரல் ஃபீல்டு, ஒன்றில் "பொருள்", மற்றொன்றில் "சேவை". பட்டியலின் டைப் இரண்டின் யூனியன், அதற்கு ஃபீல்டு டிஸ்கிரிமினேட்டர் "வகை". எழுதுவதும் படிப்பதும் இரண்டுமே சரியாகும், தவறான வகை வந்தால் எர்ரரும் தெளிவாக வரும். பழைய ஜேசானில் "வகை" இருக்காதே என்றால், மாடல்_வேலிடேட்டரின் பிஃபோர் மோடில், எச்எஸ்என் இருந்தால் பொருள் என்று நிரப்பிவிடலாம். அந்த வேலிடேட்டரை விலைப்பட்டியல் கிளாஸில் வையுங்கள். உருப்படி கிளாஸில் வைத்தால் யூனியன் தேர்வு நடக்கும்போது அது இன்னும் ஓடியிருக்காது.

---

ஏழாம்அடுக்கு:

ஆவணக் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆவணத்தின் உள்ளடக்கத்தைக் கடைசியில் எழுதலாம். ஆனால் ஆவணத்தைச் சோதிக்கும் ஏற்பாட்டை முதல் நாளே, பைடான்டிக் 1 இருக்கும்போதே போட வேண்டும். ஸ்பிங்க்ஸில் டாக்டெஸ்ட் எக்ஸ்டென்ஷனை இயக்கி, உதாரணங்களை டெஸ்ட்கோடு, டெஸ்ட்அவுட்புட் டைரக்டிவ்களுக்குள் மாற்றுங்கள். ஸ்பிங்க்ஸ்-பில்டை டாக்டெஸ்ட் பில்டரோடு சிஐயில் ஓட்டுங்கள். ஓடாத உதாரணத்தைச் சரி செய்ய முடியாவிட்டால் நீக்குங்கள். ஓடாத உதாரணம் இருப்பதைவிட உதாரணமே இல்லாதது பயனருக்கு நல்லது. இப்படிச் செய்தால் பைடான்டிக் 2-க்கு மாறும் நாளில் ஆவணத்தின் எந்தப் பக்கங்கள் பொய்யாகிவிட்டன என்பதை சிஐயே சொல்லும்.

எச்டிஎம்எல் பில்டுக்கு பெரிய டபிள்யூ ஆப்ஷன் கொடுத்து வார்னிங்கை எர்ரராக்குங்கள், ஸ்பிங்க்ஸ் 8.1-க்கு முந்தைய பதிப்பு என்றால் கூடவே கீப்-கோயிங் கொடுத்தால் எல்லா எர்ரரையும் ஒரே ஓட்டத்தில் பார்க்கலாம்; 8.1 முதல் அது தானாகவே நடக்கும். சிறிய என் ஆப்ஷன் நிட்பிக்கி மோடு: பெயர் மாறிய கிளாஸுக்கோ மெத்தடுக்கோ இருக்கும் உடைந்த குறுக்கு இணைப்புகளைக் காட்டும். முதல் ஓட்டத்தில் வெளி லைப்ரரிகளின் பெயர்களும் குவியும். இன்டர்ஸ்பிங்க்ஸில் பைதானின் ஆவணத்தை இணைத்தால் கணிசமாகக் குறையும், மிச்சத்தை நிட்பிக்_இக்னோர் பட்டியலில் போடலாம்.

பைடான்டிக்கிலிருந்து இன்ஹெரிட் செய்யும் கிளாஸ்களுக்கு ஆட்டோடாக்கில் (டாக்ஸ்ட்ரிங்கிலிருந்து பக்கம் உருவாக்கும் ஸ்பிங்க்ஸ் எக்ஸ்டென்ஷன்) ஒரு குறிப்பிட்ட தொல்லை உண்டு. இன்ஹெரிட்டட்-மெம்பர்ஸ் ஆப்ஷனை வெறுமனே இயக்கினால், நாற்பது கிளாஸ் பக்கத்திலும் மாடல்_டம்ப், மாடல்_காப்பி என்று பைடான்டிக்கின் மெத்தட் எல்லாம் திரும்பத் திரும்ப வரும். உங்கள் சொந்த மெத்தட் அதற்குள் புதைந்துவிடும். அந்த ஆப்ஷனுக்கு மதிப்பாக பேஸ்மாடல் என்று கொடுங்கள். அப்போது உங்கள் பேஸ் கிளாஸிலிருந்து வரும் மெத்தட் பக்கத்தில் இருக்கும், பேஸ்மாடலிலிருந்து வருபவை இருக்காது.

ஃபீல்டு விளக்கங்களை டாக்ஸ்ட்ரிங்கில் ஒரு தடவை, ஃபீல்டு டிஸ்கிரிப்ஷனில் ஒரு தடவை என்று இரண்டு இடத்தில் எழுதாதீர்கள். ஒன்று நிச்சயம் பழசாகும். பைடான்டிக் 2.7 முதல் மாடல்_கான்ஃபிகில் யூஸ்_ஆட்ரிப்யூட்_டாக்ஸ்ட்ரிங்ஸ் என்று இயக்கினால், ஃபீல்டு வரிக்குக் கீழே எழுதும் டாக்ஸ்ட்ரிங்கே ஜேசான் ஸ்கீமாவின் விளக்கமாகவும் போகும். ஸ்பிங்க்ஸும் அதையே எடுக்கும். பேஸ் கிளாஸின் கான்ஃபிகில் போட்டால் போதும், கீழே எல்லாவற்றுக்கும் இறங்கும்.

மாற்றங்களைக் குறிக்க வெர்ஷன்சேஞ்ச்டு டைரக்டிவ் அந்த மெத்தடின் டாக்ஸ்ட்ரிங்கிலேயே இருக்க வேண்டும். சேஞ்ச்லாகில் மட்டும் எழுதினால், ஜேசான் வெளியீடு ஏன் மாறியது என்று தேடுபவர் அந்தக் கோப்பைத் திறக்கமாட்டார். கான்ஃப் டாட் பையில் வெர்ஷன் எண்ணைக் கையால் எழுதாமல், மாட்யூலுக்குச் செய்த அதே இம்போர்ட்லிப் மெட்டாடேட்டா வழியில் எடுங்கள்.

---

ஏழாம்அடுக்கு:

இன்னொன்று, நடுக்கடல் சொன்ன "3-க்குக் கீழ்" பற்றி. லைப்ரரியில் மேல் வரம்பு வைப்பதை நான் பொதுவாக எதிர்ப்பேன். இரண்டு லைப்ரரிகள் வெவ்வேறு மேல் வரம்பு வைத்தால், பயனருக்கு எந்தத் தீர்வும் இல்லாமல் ரிசால்வர் (ஒத்துப்போகும் பதிப்புகளைத் தேடும் பகுதி) கைவிரிக்கும். வெளியான மெட்டாடேட்டாவைப் பின்னால் திருத்தவும் முடியாது.

---

நடுக்கடல்:

பொதுவாக நானும் அப்படித்தான் சொல்வேன். இங்கே வித்தியாசம் இன்ஹெரிட்டன்ஸ். ஒரு லைப்ரரியின் ஃபங்ஷனை அழைப்பது வேறு, அதன் கிளாஸிலிருந்து இறங்குவது வேறு. இறங்கினால் அதன் மெட்டாகிளாஸ், ஃபீல்டு சேகரிக்கும் முறை, கான்ஃபிக் எல்லாமே உங்கள் கிளாஸின் உடலாகிவிடுகிறது. அடுத்த பெரிய பதிப்பில் உடையாமல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே பேஸ் கிளாஸ் எங்கிருந்து வருகிறதோ அந்த ஒரு டிபென்டென்சிக்கு மட்டும் மேல் வரம்பு, மற்றவற்றுக்குக் கீழ் வரம்பு மட்டும்.

கீழ் வரம்பை எழுதுவதோடு விடாமல் சோதிக்கவும் வேண்டும். "2.7 முதல்" என்று எழுதிவிட்டு சிஐயில் எப்போதும் கடைசி வெளியீட்டையே ஓட்டினால் அந்த 2.7 வெறும் நம்பிக்கை. யூவி என்ற பேக்கேஜ் மேலாளரில் ரெசல்யூஷன் ஆப்ஷனுக்கு லோயஸ்ட்-டைரக்ட் என்று கொடுத்து ஒரு சிஐ வேலை தனியாக வையுங்கள். நேரடி டிபென்டென்சிகளின் மிகக் குறைந்த பதிப்புகளை எடுத்து டெஸ்ட் ஓட்டும். டெப்ட்ரை என்ற கருவியையும் ஓட்டிப் பாருங்கள். இம்போர்ட் செய்தும் அறிவிக்காதவை, அறிவித்தும் இம்போர்ட் செய்யாதவை இரண்டையும் காட்டும். இத்தனை வருஷப் பழைய ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் இரண்டாவது வகை கட்டாயம் இருக்கும்.

---

கணக்குக்கோப்பு:

எங்கள் சப்கிளாஸ் பட்டியல் மூடியதுதான், டிஸ்கிரிமினேட்டருக்கே போகிறேன். கடைசியாக ஒன்று: இந்த வெளியீட்டுக்கு என்ன எண்? பழைய மெத்தட் பெயர்கள் இன்னும் ஓடுகின்றனவே, 1.x-இலேயே தொடரலாமா?

---

புளியமரம்:

2.0.0. டிக்ட் என்று அழைப்பவருக்கு வார்னிங்கோடு ஓடும், உண்மை. ஆனால் உங்கள் கிளாஸிலிருந்து இறங்கி பழைய வேலிடேட்டரில் ஈச்_ஐட்டம் (பட்டியலின் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே சோதிப்பது) பயன்படுத்தியிருப்பவருக்கு அந்த ஆப்ஷன் பைடான்டிக் 2-இன் புதிய ஃபீல்டு_வேலிடேட்டரில் இல்லை. ஆப்ஜெக்ட்டை டிக்‌ஷனரியோடு இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டவருக்கு முன்பு ட்ரூ வந்த இடத்தில் இப்போது ஃபால்ஸ் வரும். உருப்படி ஜேசானில் "வகை" புதிதாக வருகிறது. மூன்றையும் சேஞ்ச்லாகின் மேலே எழுதிவிடுங்கள்.

வி1 இம்போர்ட் பாலத்தை 1.x-இன் கடைசி வெளியீடாக முதலில் விடுங்கள், 2.0.0-ஐ அதற்குப் பிறகு. அப்போதுதான் பைடான்டிக் 1-இலேயே இருப்பவர்கள் "2-க்குக் கீழ்" என்று உங்கள் மாட்யூலைப் பிடித்து வைத்துக்கொள்ள ஓர் இடம் இருக்கும்.